மூன்றாம் வருடத்து அடியழிப்பு

கம்பளத்தில் நெற்றி முட்டக் கிடந்தேன். விழவில்லை. நானாகத்தான் முழங்காலை ஊன்றி, இரண்டு கையையும் முன்னே நீட்டி, நெற்றியை வைத்தேன். கீழே சுகமாகத்தான் போனேன். எழும்பத்தான் முடியவில்லை.

பின்னேரம் நாலு மணி இருக்கும். பல்கனிக் கதவு திறந்திருந்தது. கீழே பஸ் வந்து நின்றது, பெருமூச்சு விட்டது, போனது. பிறகு இன்னொன்று வந்து போனது. எங்கள் தெருவுக்கு இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ். எவ்வளவு நேரம் கிடந்திருப்பேன் என்று நீங்களே பாருங்கள்.

கம்பளத்துக்கு அடியில் ஒரு மணம் இருந்தது. பழைய தூசியும் பழைய சாம்பிராணியும் சேர்ந்த மணம். பிராங்பேர்ட்டில் வங்கிக் கட்டடங்களில் இருபத்தாறு வருடம் மற்றவர்களின் கம்பளத்தைச் சுத்தம் செய்தவள் நான். என்னுடையதை அவ்வளவு கிட்டப் போய் மணந்தது அன்றைக்குத்தான்.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்தக் கால்களுக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று கோபம்.

பனியில் வழுக்கிக் கணுக்கால் உடைந்த கதையைப் போன கிழமை இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். வாசிக்காதவர்களுக்கு இவ்வளவு போதும்: வலது கணுக்கால் உடைந்தது, மாவுக்கட்டுப் போட்டார்கள், கட்டை வெட்டி எடுத்தபோது தொடை கரைந்து போயிருந்தது. பாவாடைக்குள் காலா கம்பா என்று தெரியாத மாதிரி.

அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் கோயில் திருவிழாவுக்கு மூன்று கிழமை இருக்கும்போது கம்பளத்தில் ஒத்திகை பார்த்தேன். எதற்கு ஒத்திகை என்று சொல்லவேண்டும்.

அம்மனிடம் கேட்டது

அவருக்கு, என் வீட்டுக்காரர் நடராசாவுக்கு, நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரி ஓடையில், அறைகளுக்கு நடுவே போகிற நீள வழியில், தனியாக நின்றேன். எதிரே கோப்பி இயந்திரம் ஒன்று தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டு நின்றது. அதற்கு முன்னால் நின்றுதான் எங்கள் கோயில் அம்மனைக் கேட்டேன்.

"அந்த மனுசன் தன்ர காலில நடந்து வீட்ட வரட்டும். மூண்டு வருசம் உனக்கு அடியழிக்கிறன்."

இங்கே வளர்ந்த பிள்ளைகள் சிலர் இந்தத் தொடரை வாசிப்பதாகச் சொன்னார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். தேர் வீதி சுற்றும்போது, நேர்த்தி வைத்த பெண்கள் தேருக்குப் பின்னால் வருவார்கள். இரண்டு அடி வைப்பார்கள். முழங்காலில் இருந்து, நெற்றி நிலத்தில் பட விழுந்து கும்பிடுவார்கள். எழும்புவார்கள். திரும்பவும் இரண்டு அடி. இப்படியே கோயிலை ஒரு முழுச் சுற்று. அதுதான் அடியழிப்பு. எத்தனை தரம் விழுந்து எழும்புகிறோம் என்று ஒருத்தரும் எண்ணுவதில்லை.

எங்கள் கோயில் இருப்பது தொழிற்சாலைப் பக்கம். ஒரு பக்கம் கார் ரயர் கடை, மறுபக்கம் குளியலறை ஓடு விற்கிற களஞ்சியம். வீதி என்றால் தார் வீதிதான். ஆனிக் கடைசியில் அது எப்படிச் சுடும் என்று போனவர்களுக்குத் தெரியும்.

அவர் நடந்து வந்தார். நானும் சொன்ன சொல் தவறாமல் இரண்டு வருடம் அடியழித்தேன்.

மற்றப் பெண்களுக்குப் பக்கத்தில் தங்கச்சியோ மச்சாளோ வருவார்கள். எனக்கு அவர்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலோடு என் வலது பக்கத்தில் வருவார். என் சிநேகிதி தவமணி அதைக் கண்டுவிட்டால் சும்மா இருப்பாளா?

"நடராசா அண்ணை, நேர்த்தி அக்காவுக்கோ, உங்களுக்கோ?"

"விழுறது அவ, பிள்ளை. மிச்ச வேலை எனக்கு."

தண்ணீர் தருகிற வேலையைத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்தேன்.

நின்றுபோன வருடம்

மூன்றாம் வருடம், கொடியேற்றத்துக்கு முந்தின மாதம், அவர் தக்காளி வாங்கப் போனார். கடையில் தக்காளியை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். அவ்வளவுதான். ஆறு தக்காளி பையில் போட்டிருந்தார் என்று கடைக்காரப் பிள்ளை சொன்னாள். அதை ஏன் கேட்டேன் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன்.

அந்த வருடம் சாவுத் துடக்கு, கோயிலுக்குப் போக முடியாது. ஆட்டத்திவசம், முதல் வருடத் திவசம், முடிய அடுத்த திருவிழாவுக்குப் போகலாம் என்று இருக்க, இடையில் பனிக்காலத்தில் கால் உடைந்தது.

தவமணி ஒரு நாள் கோப்பி குடித்துக்கொண்டு மெல்லத் தொடங்கினாள்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. அண்ணையே போயிட்டார். இனி என்ன நேர்த்தி? ஐயரிட்டச் சொல்லி ஒரு அபிசேகத்தோட முடியுங்கோவன்."

"நான் என்ன கேட்டனான் தவம்? அவரைச் சாகாமல் வைக்கச் சொல்லியோ? நடக்க வைக்கத்தான் கேட்டனான். நடந்தவர்தானே? அம்மன் தன்ர வேலையைச் செய்திட்டா. நான்தான் ஒரு வருசம் பிந்தி நிக்கிறன்."

"உங்களோட கதைச்சு வெல்ல ஏலாது."

வெல்ல முடியாதுதான். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆனால் சொன்ன சொல்லை விட்டவள் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

படி ஏற வேண்டும் என்று சொன்னேன்

டொக்டர் பிசியோவுக்கு எழுதித் தந்தார். பிசியோ என்றால் கால் கைக்குப் பயிற்சி தருகிற இடம். அங்கே எனக்குக் கிடைத்தவள் கத்ரின். முப்பது வயது இருக்கும். பூனைமயிர் மாதிரி வெள்ளைத் தலைமயிர், பெரிய கை. அவள் டொச்சில், ஜெர்மன் மொழியில், கதைத்ததை எல்லாம் நான் என் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் காதில் விழுந்தது.

முதல் நாள் காத்திருக்கும் அறைக்கு வந்து "பிராவ் நடராசா!" என்று கூப்பிட்டாள். பிராவ் என்றால் திருமதி; இந்த நாட்டில் என்னை அவருடைய பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். அவர் இருந்த காலத்தில் அது காதில் ஏறியதே இல்லை. இப்போது ஒவ்வொரு டெர்மினிலும், நேரம் குறித்துத் தந்த ஒவ்வொரு நாளிலும், அந்தப் பெயரைக் கேட்டு, அவர் வருகிறாரா என்று பார்க்கிற மாதிரி ஒரு கணம் இருந்துவிட்டுத்தான் எழும்புவேன்.

கத்ரின் அளவு நாடாவால் இரண்டு தொடையையும் அளந்தாள். வலதுக்கும் இடதுக்கும் மூன்று விரல் வித்தியாசம்.

"இந்தக் காலால என்ன செய்ய ஆசைப்படுறீங்கள்?" என்று கேட்டாள்.

"படி ஏற வேணும்" என்றேன். "மூண்டாம் மாடி. லிப்ட் இல்லை."

அது பொய் இல்லை. ஆனால் அதற்காகவா நான் போனேன்? அம்மனுக்குப் பின்னால் தார் ரோட்டில் விழுந்து கும்பிட வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. பாவம் என்று நினைத்துவிடுவாளோ என்றுதான் வாயை மூடிக்கொண்டேன்.

அறுபது கிலோ

அங்கே இருந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தள்ளுகிற இயந்திரம். சாய்ந்து படுத்துக்கொண்டு, முன்னால் இருக்கிற தட்டில் இரண்டு பாதத்தையும் வைத்துத் தள்ளவேண்டும். நாம் எவ்வளவு தள்ளுகிறோம் என்று இரும்புக் கட்டியில் எழுதியிருக்கும். எனக்கு எழுத்து வாசிக்க நேரம் எடுக்கும், இலக்கம் உடனே தெரியும்.

அதற்குப் பக்கத்தில் உதைக்கிற இயந்திரம். கதிரையில் இருக்கிற மாதிரி இருந்து, கணுக்காலுக்கு மேலே இருக்கிற உருளையைக் காலால் தூக்கவேண்டும். அது முழங்காலுக்கு மேலே, தொடையின் முன்பக்கத்தை மட்டும் பிடித்துப் பிழியும். பிறகு படிப்பலகை. ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு. ஏறுவது சுகம். மெல்ல இறங்கச் சொல்வாள், அதுதான் கொல்லும்.

கடைசியாக ஒரு வெறும் கதிரை. கை ஊன்றாமல் அதில் இருந்து எழும்பவேண்டும், திரும்ப மெல்ல இருக்கவேண்டும். அதை நான் மதிக்கவே இல்லை. கதிரையில் இருந்து எழும்புவதற்கு பஸ் ஏறி வரவேண்டுமா? கத்ரின் மற்றப் பக்கம் திரும்பினால் பத்துத் தரத்தை ஆறாக்கிவிட்டுத் தள்ளுகிற இயந்திரத்துக்குப் போய்விடுவேன்.

அதற்கு அடுத்த இயந்திரத்தில் ஹெர் போகல் என்று ஒருவர் இருந்தார். ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். இடுப்பு மாற்றியவர். நான் இருபது கிலோவில் தொடங்கினேன். நாற்பதுக்கு வந்தபோது எட்டிப் பார்த்தார்.

"பிராவ் நடராசா, என்னை முந்தப் போறீங்களோ?"

"உங்கட ரயில் எப்பவும் பிந்தித்தானே வரும்" என்றேன். அவ்வளவு டொச் எனக்குத் தெரியும். அந்த அறையே சிரித்தது.

அறுபது கிலோ தள்ளிய நாள், பஸ்ஸில் இருந்தே தவமணிக்குப் போன் எடுத்தேன்.

"அறுபது கிலோ தள்ளினனான், தெரியுமோ? மூண்டு அரிசி மூட்டை!"

"என்ர மனுசன் தொண்ணூறு. சோபாவை விட்டு அசையிறார் இல்லை. வந்து அவரைத் தள்ளுங்கோ பாப்பம்."

கத்ரின் திரும்ப அளந்தாள். மூன்று விரல் வித்தியாசம் ஒரு விரலாகியிருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு முன்னால் சேலையைத் தூக்கி என் தொடையை நானே பார்த்தேன். எழுபது வயது தாண்டியவள் செய்கிற காரியமா? செய்தேன்.

சோபாக் காலைப் பிடித்து

அந்தத் தைரியத்தில்தான் கம்பளத்தில் விழுந்து கும்பிட்டேன். மூன்றாவது பஸ்ஸும் போனபிறகு, ஊர்ந்து போய், சோபாவின் காலைப் பிடித்து, இருக்கையைப் பிடித்து, முதுகைப் பிடித்து எழும்பினேன்.

நான் ஐம்பத்தெட்டு கிலோ. அறுபதைத் தள்ளுகிறவளால் ஐம்பத்தெட்டைத் தூக்க முடியவில்லை. இதில் என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த டெர்மினில் வாயைத் திறந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி ஓடை, அம்மன், மூன்று வருடம். கத்ரின் பாவம் என்று பார்க்கவில்லை. கோபித்துக்கொண்டாள்.

"முதல் நாளே ஏன் சொல்லேல்லை? படி ஏறுறதுக்கெண்டுதானே நான் பயிற்சி தந்தனான்! தள்ளுற மெசினில உங்கட முதுகை ஆர் பிடிக்குது? மெசின் பிடிக்குது. நீங்கள் நேராய்த் தள்ளினால் காணும். நிலத்தில இருந்து எழும்பேக்க முதுகை நீங்கள்தான் பிடிக்கோணும், விழாமல் நீங்கள்தான் பாக்கோணும். முழங்கால் முழுசா மடிஞ்சிருக்கும். அதுக்குக் குண்டியில பலம் வேணும், கணுக்கால் வளையோணும்."

"அப்ப இவ்வளவு நாளும் தள்ளினது வீணோ?"

"வீணில்லை. சதை வந்திருக்குது. ஆனா அந்தச் சதைக்கு இந்த வேலை தெரியாது. படிப்பிக்கோணும்."

பிறகு பாயை விரித்தாள். "செய்து காட்டுங்கோ."

கத்ரின் கண்டது

விழுந்து கும்பிட்டேன். நிமிர்ந்து முழங்காலில் நின்றேன். இடது பாதத்தை முன்னால் வைத்தேன். அங்கேயே நிறுத்தச் சொன்னாள்.

"வலது முழங்கை ஏன் வெளியில வருகுது?"

பார்த்தேன். கோழி செட்டையைத் தூக்கின மாதிரி முழங்கை பக்கவாட்டில் தூக்கி நின்றது. நான் தூக்கவில்லை. கீழே விட்டேன். திரும்பவும் செய்யச் சொன்னாள். திரும்பவும் அதே இடத்தில் அது தூக்கிக்கொண்டு நின்றது.

கத்ரின் வந்து என் வலது பக்கத்தில் நின்றாள். உள்ளங்கையை என் முழங்கைக்குக் கீழே கொடுத்தாள். நான் எழும்பிவிட்டேன். பாரமே இல்லாமல்.

"இந்த இடத்தில ஆர் நிண்டது?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலோடு வந்தவர் அவர் ஒருத்தர்தான்.

இரண்டு வருடம் என் சொந்தக் காலில் எழும்பினேன் என்று நினைத்திருந்தேன். நினைத்தது மட்டுமா? ஊரெல்லாம் சொன்னேன். "ஒருத்தற்ற கையும் பிடிக்காமல் முழுச் சுற்றும் செய்தனான்" என்று அன்னதானப் பந்தியில் இருந்து சொன்னேன். அவர் எனக்கு எதிரே இருந்து, பாயாசத்தைக் குடித்துக்கொண்டு, ஓம் என்று தலையாட்டினார்.

நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டி அனுப்பிய மனுசன். முதல் வருடம், கனமான ஒன்றையும் தூக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லி நாலு மாதம்கூட ஆகவில்லை. தண்ணீர்ப் பெட்டியைக்கூட அவரைத் தூக்க விடாமல் நான்தான் மூன்று மாடியும் ஏற்றினேன். அந்த மனுசன் ஒரு வீதி முழுக்க என்னைத் தூக்கியிருக்கிறார். எனக்குத் தெரியாமல். தெரிந்தால் விடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

கத்ரினின் கை குளிர்ந்திருந்தது. சவர்க்காரம் மணத்தது. அவருடைய கை அப்படியில்லை. றெஸ்ரோறன்ற் அடுப்படியில் முப்பது வருடம் நின்ற கை. பெருவிரலுக்குக் கீழே தோல் தடித்து, சூடு ஏறாத இடம் ஒன்று இருக்கும். அந்த இடம்தான் என் முழங்கையில் பட்டிருக்கும். இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், பட்டது நினைவுக்கு வரவில்லை. முழங்கைக்கு நினைவிருக்கிறது, எனக்கு இல்லை.

சதைக்குப் படிப்பித்தல்

திருவிழா வரைக்கும் மிச்சம் இருந்த நாள் முழுக்கக் கதிரைதான். நான் மதிக்காத அதே வெறும் கதிரை. கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, மூன்று எண்ணும்வரை மெல்ல இருந்து, எழும்பி, பத்துத் தரம். பிறகு குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றி, மற்றப் பாதத்தை முன்னால் வைத்து எழும்புதல். முதலில் கீழே தலையணை, பிறகு அதுவும் இல்லை. தள்ளுகிற இயந்திரம் கடைசியில், நேரம் இருந்தால்.

தள்ளுகிற இயந்திரத்தின் நோவு அடுத்த நாள் தொடையின் முன்னால் வரும். தடவிக்கொண்டு பெருமையாக இருக்கலாம். இந்த நோவு வந்த இடத்தை வெளியில் சொல்லவும் முடியாது, அதில் இருக்கவும் முடியாது. பஸ்ஸில் இடம் இருக்க நின்றுகொண்டு வந்தேன்.

"முழங்கையை விடுங்கோ. அந்தக் கையை உங்கட தொடையிலேயே ஊண்டி எழும்புங்கோ" என்று கத்ரின் ஒவ்வொரு தரமும் சொன்னாள். அவளுக்கு முன்னால் ஊன்றினேன். வீட்டுக் குசினியில் தனியாகச் செய்யும்போது அதன்பாட்டுக்குத் தூக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசி நாள் சொன்னாள், "முதல் மூலை வரைக்கும் போகலாம். அதுக்கு மேல போனால் என்ர பேரை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

தேர்

அன்றைக்கு நல்ல வெய்யில். வீதிக்குத் தண்ணீர் அடித்திருந்தார்கள், ஆவி எழும்பியது. பொலிஸ்காரர் வீதியை மறித்து நின்றார்கள். உடைத்த தேங்காய்ச் சில்லுகளைப் பொடியன்கள் கூட்டித் தள்ளினார்கள். தேர் அசைந்தது.

"அக்கா, நான் பிடிக்கிறன்" என்று தவமணி வந்தாள்.

"தொடாதை. தண்ணியை மட்டும் கொண்டு வா. இடப் பக்கத்தால வா."

இரண்டு அடி. முழங்கால். நெற்றி. தார் சுட்டது. இடது பாதம் முன்னால், வலது கை தொடையில், எழும்பு. எழும்பினேன். ஒன்று.

எண்ணக் கூடாது என்று தெரியும். எண்ணினேன். பத்து. பதினைந்து. எனக்கு வலது பக்கத்தில் ஒரு ஆள் நடக்கிற இடம் காலியாக இருந்தது. சனம் நெருக்கும்போது பெண்கள் அதற்குள் வரப் பார்த்தார்கள். "தள்ளி வாங்கோ பிள்ளையள்" என்று சொல்லி, அந்த இடத்தைக் காலியாகவே காத்துக்கொண்டு போனேன்.

இருபத்தெட்டாவது தரம் கும்பிட்டு எழும்பியபோது ரயர் கடை மூலை வந்துவிட்டது. தேர் திரும்புவதற்காக நின்றது. நானும் நின்று என் கால்களைக் கவனித்தேன். தொடை சூடாக இருந்தது. நடுங்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. எனக்குத் தெரிந்தது, மிச்ச மூன்று பக்கமும் போகலாம். இந்தக் கால் போகும்.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. போனால், தேர் இருப்பிடத்துக்கு வரும்போது நேர்த்தி முடிந்துவிடும். அதற்குப் பிறகு? அவருடைய உடுப்புகளைக் கொடுத்தாகிவிட்டது. திவசம் செய்தாகிவிட்டது. அவர் பெயருக்கு வந்த அரசாங்கக் கந்தோர்க் கடிதங்கள்கூட நின்றுவிட்டன. அவருக்காக நான் செய்யவேண்டியது என்று உலகத்தில் இது ஒன்றுதான் மிச்சம்.

தவமணி போத்தலோடு ஓடி வந்தாள்.

"என்னக்கா நிண்டிட்டீங்கள்? ஏலாதோ?"

"ஓம்" என்றேன். "ஏலாது."

அவள் பதறிப்போனாள். தலையில் தண்ணீர் தெளித்தாள், முந்தானையால் விசிறினாள். "காணும் அக்கா. இவ்வளவும் செய்ததே பெரிசு. அம்மன் ஏற்பா. முடிஞ்சுதெண்டு வையுங்கோ."

"முடியேல்லை. மிச்சம் இருக்கு."

தேர் திரும்பியது. மிச்ச வீதியை அதற்குப் பின்னால் நடந்தேன். யாருடைய கையையும் பிடிக்காமல் நன்றாக நடந்தேன்.

தவமணி இதை வாசித்தால் சண்டைக்கு வருவாள். வரட்டும். அம்மனுக்கு அன்றைக்கே தெரியும், அவ ஒன்றும் சொல்லவில்லை. வருகிற திருவிழாவுக்கு ரயர் கடை மூலையில் தொடங்கி அடுத்த மூலை வரைக்கும் போகலாம் என்று இருக்கிறேன். கால் எவ்வளவு கேட்டாலும், அதற்கு மேலே போகமாட்டேன்.